உரக்கத்தான் கேட்டேன்

மார்ச் 7, 1944

முகாமில் யாரும் டைரி எழுதக் கூடாது என்று உத்தரவு. ஆகவே இது டைரி இல்லை. பழைய செய்யுள்களில் வரும் பறவைப் பெயர்களைத் தொகுப்பதற்காக நான் சேர்த்து வைத்த நூலக அட்டைகளின் பின்பக்கம். யாராவது பிடித்தால் முன்பக்கத்தைக் காட்டிவிடுவேன். இந்த அட்டையின் முன்பக்கத்தில் 'கானங்கோழி' என்று இருக்கிறது.

நான் தணிகாசலம். சென்னையில் தங்கசாலைத் தெருவில் ஒரு சங்கத்து நூலகத்தில் பன்னிரண்டு வருடம் நூலகராக இருந்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது, என் புத்தகங்களும் பெட்டிகளில் ஆணியடிக்கப்பட்டுக் காஞ்சிபுரம் போயின. கட்டடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. நானும் காஞ்சிபுரம் போய் மாமனார் வீட்டில் உட்கார்ந்தேன். மாதக்கணக்கில் உட்கார்ந்தேன். காப்பி டம்ளரை மைத்துனர் என் முன்னால் வைக்கிற சத்தம் நாளுக்கு நாள் கூடியது. பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க வந்தவர், "நீங்க படிச்சவரு சார், உங்களுக்கு ஆபீஸ் வேலைதான். பேனாதான் துப்பாக்கி" என்றார். கையெழுத்துப் போட்டேன். பேனாவும் கொடுத்தார்கள், துப்பாக்கியும் கொடுத்தார்கள்.

இப்போது மணிப்பூருக்குத் தெற்கே, மலையை உடைத்துச் சாலை போடும் கம்பெனியில் குமாஸ்தா. எந்த ஜப்பான்காரனுக்குப் பயந்து சென்னையை விட்டு ஓடினேனோ, அவன் இங்கே இரண்டு மலை தள்ளி இருக்கிறானாம். ஓடுகிறவன் திசை பார்த்து ஓடியிருக்க வேண்டும்.

பயமாக இருக்கிறது. இதை இங்கே ஒருவரிடமும் சொல்ல முடியாது. அட்டையிடம் சொல்கிறேன்.

மார்ச் 9

காலையில் மண்வெட்டிகளுக்குக் காம்பு மாட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டேன். மத்தியானம் பருப்பில் கல். சாயங்காலம் ஹவில்தார் மாசிலாமணி வந்தார். காட்பாடிக்காரர், எங்கள் எல்லாரையும் மேய்க்கிறவர். "இன்னா லைப்ரரி, பக்கத்துல நிக்கிற எனக்கே ஒம் பேச்சு கேக்கல. மேஜைக்கு அந்தாண்ட ஒக்காந்துகினு இருக்கற கேப்டனுக்கு எப்டி கேக்குது?" என்றார். கேப்டன் குனிந்து காதைக் கொடுப்பார். நல்ல வெள்ளைக்காரர்.

என் குரல் இப்படி ஆனதற்கு வாசகசாலைதான் காரணம். 'அமைதி' என்று எழுதிய பலகைக்குக் கீழேதான் பன்னிரண்டு வருடமும் என் நாற்காலி. முதலில் உத்தியோகத்துக்காகக் கிசுகிசுத்தேன். பிறகு அது வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. "நீங்க கூப்புட்டு முடிக்கறதுக்குள்ள நானே வந்து என்ன வேணும்னு கேட்டுட்டுப் போயிடறேன்" என்பாள் என் மனைவி அகிலாண்டம். இப்போது கத்த வேண்டும் என்று நினைத்தாலும் தொண்டை வரை வருவது வாய்க்கு வரும்போது வெறும் காற்றாகிவிடுகிறது.

பெங்களூர்ப் பயிற்சியில் இது பெரிய ஆபத்தாக வந்தது. காவல் நிற்பவன் எதிரே வரும் ஆளைப் பார்த்து "ஹுக்கும்தார்!" என்று கத்த வேண்டும். யார் அங்கே என்று அர்த்தமாம். வருகிறவன் "பிரண்ட்" என்று பதில் சொல்ல வேண்டும். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் சுட்டுவிட வேண்டும். தேர்வன்று மைதானத்தின் அந்தக் கோடியில் அதிகாரி நின்றுகொண்டார். தன் காதில் விழுந்தால்தான் தேர்ச்சி என்றார். என் முறை வந்தது. வாயைத் திறந்தேன். எதுவும் வராத அந்த நொடியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் இடித்தது: "ஹுக்கும்தார்!" அதிகாரி தலையாட்டினார். நான் தேறிவிட்டேன்.

குரல் அடைக்கலத்துடையது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்குவாரி ஆள். அதுவரை நானும் அவனும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று சாப்பாட்டு வரிசையில் என் பக்கத்தில் வந்து நின்று, "என்னாங்க பொஸ்தகக்காரரே, நீங்க வாயத் தொறந்தாப் போதும். சத்தத்த நாம குடுத்துக்கலாம்" என்றான்.

இப்போதும் ஒரே கூடாரத்தில் இருக்கிறோம்.

மார்ச் 14

தெற்கே பீரங்கிச் சத்தம். நம்முடையதுதான் என்கிறார்கள். நம்முடையது என்றால் ஏன் ஒவ்வொரு நாளும் கிட்டே வருகிறது என்று கேட்க ஆசை. கேட்கவில்லை.

அடைக்கலத்துக்கு அந்தச் சத்தம் தெரியவில்லை. அவன் வேலை பாறையில் துளை போட்டு வெடி வைப்பது. வெடித்து வெடித்து அவன் காது போய்விட்டது. இது எனக்கு மட்டும்தான் தெரியும். போன மாதம் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, காலடியில் தேள் இருக்கிறது என்று சொன்னேன். அவன் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தான். என் பேச்சு யாருக்குத்தான் கேட்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு தகர டப்பாவை அவன் பின்னால் போட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை.

முகத்துக்கு முகம் பார்த்தால் எல்லாம் புரிந்துகொள்கிறான். உதட்டைப் படிக்கிறான். "கத்திப் பேசுறவனுக்கு வாயி கோணிக்குதுங்க, ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. நீங்க பேசுறதுதான் அச்சடிச்சாப்ல இருக்கு" என்றான். என் பேச்சைக் குறை சொல்லாத ஒரே மனிதன் அவன்தான். எங்கள் கூடாரத்தில் ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் வெகுநேரம் பேச்சு நடக்கிறது, வெளியே நிற்கிறவனுக்கு அடைக்கலம் மட்டும் தனியாகப் பேசிக்கொள்கிற மாதிரி கேட்கும். ஹவில்தார் அவனுக்குக் கொஞ்சம் மரை கழன்றுவிட்டது என்று நினைக்கிறார்.

பேச்சு வேண்டாம் என்று அவன் நினைத்தால் கண்ணை மூடிக்கொள்வான். அவ்வளவுதான், கதவைச் சாத்திய மாதிரி. அப்புறம் அவனை யாரும் எட்ட முடியாது.

இப்போது அவர்களுடைய தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் பீடி கிடையாது என்று மாதாவிடம் சொல்லிவிட்டானாம். பீடிக் கட்டை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறான். "நா கேட்டாலும் குடுக்காதீங்க." கேட்கவே இல்லை.

மார்ச் 20

அடைக்கலம் இன்று சாக இருந்தான். வெடிக்குத் திரி கொளுத்தியாயிற்று, விசில் ஊதியாயிற்று, எல்லாரும் ஓடிவிட்டார்கள். இவன் மட்டும் பாறைக்குக் கீழே குனிந்து கம்பியைப் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். யாரோ கல்லை விட்டெறிந்து முதுகில் அடித்த பிறகுதான் ஓடினான். கேப்டனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாளை டாக்டர் வருகிறார்.

"உண்மையைச் சொல்லிவிடு. ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், உயிராவது மிஞ்சும்" என்றேன்.

"அனுப்பி? எங்க ஊரு குவாரில விசில் கேக்காதவனக் கல்லு மேட்டுல ஏத்த மாட்டாங்க. வேற வேல எனக்குத் தெரியாது. சண்ட முடியட்டும், காது தானா வந்துரும்."

"வராவிட்டால்?"

கண்ணை மூடிக்கொண்டான்.

மார்ச் 21

டாக்டர் வங்காளி. குள்ளமான மனிதர். அடைக்கலமோ பனைமரம். காதைச் சோதிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஆளை நாற்காலி இல்லாமல் நிற்கவைத்து, பின்னால் போய் நின்று, இந்துஸ்தானியில் ஏதாவது எண்ணை ரகசியமாகச் சொல்வார். ஆள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பதிலைக் குறித்துக்கொள்ள நான் எதிரே நின்றேன், கையில் பேனாவுடன்.

டாக்டர் ரகசியமாகப் பேசினார். ரகசியப் பேச்சைக் கேட்பதில் எனக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். வாசகசாலையின் மறுகோடியில் இரண்டு பேர் குசுகுசுத்தால் எந்த மேஜை என்று சொல்லிவிடுவேன். அவர் சொன்ன எண் எனக்குத் தெளிவாக விழுந்தது. அடைக்கலம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். டாக்டர் திருப்தியாகக் கை கழுவிவிட்டு டீ குடித்தார்.

நட்புக்காகச் செய்தேன். பெங்களூரில் அவன் எனக்குச் செய்தது, நான் இங்கே அவனுக்குச் செய்தது. சரிக்குச் சரி. அவன் போய்விட்டால் இந்தக் கூடாரத்தில் நான் தனியாக அந்தப் பீரங்கியைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும் என்பதற்காகச் செய்யவில்லை.

மார்ச் 29

எங்களுக்குப் பின்னால் சாலையை வெட்டிவிட்டார்கள். முன்னாலும் அவர்கள், பின்னாலும் அவர்கள். இனி அரிசி ஆகாயத்திலிருந்துதான் வரும். இன்று வந்தது. ஒரு மூட்டை சமையல் கொட்டகை மேல் விழுந்து கொட்டகை போயிற்று. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

சாலை வேலை நின்றுவிட்டது. இருக்கிற சாலையை உடைக்கிற வேலை தொடங்கிவிட்டது. ஆறு மாதமாகப் போட்டதை அடைக்கலம் ஒவ்வொரு பாலமாக வெடி வைத்துத் தகர்க்கிறான்.

ஏப்ரல் 1

பாதி ஆட்களுக்கு மலேரியா. காவல் நிற்க ஆள் போதவில்லை. குமாஸ்தா, சமையல்காரன், நாவிதன் எல்லாரும் முறைபோட்டு நிற்க வேண்டும் என்று கேப்டன் சொல்லிவிட்டார்.

ஹவில்தார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கத்தத் தெரியும்ல?"

பக்கத்தில் நின்ற அடைக்கலம் என் முகத்தைப் பார்த்துக் கேள்வியைப் புரிந்துகொண்டான். "அவரா? பெங்களூர்ல அவரு போட்ட சத்தத்துல மைதானத்துப் புறாவெல்லாம் பறந்துருச்சுங்க" என்றான். கண்ணடித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்திலேயே, எனக்குக் குரல் வராது ஹவில்தார், என்று சொல்லியிருக்கலாம். எல்லார் முன்னாலும் நடுங்குகிறவன் என்று நிற்கப் பயமாக இருந்தது. பயந்தவன் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம் பெரிய பயம்.

ஏப்ரல் 3

முதல் காவல். மேற்குச் சரிவில், ஓடைப்பள்ளத்தைப் பார்த்த பதுங்குகுழி. விடியற்காலையிலிருந்து வெயில் ஏறும் வரை. பத்துப் பதினைந்து கஜம் தள்ளி அடுத்த குழியில் ஹவில்தார். ஒன்றும் வரவில்லை. ஒரு காட்டுக்கோழி வந்தது. அதைப் பார்த்தே எனக்கு உயிர் போய் வந்தது.

மத்தியானம் யாருமில்லாத நேரமாகப் பார்த்து, காலிப் பெட்ரோல் டின்னுக்குள் தலையை விட்டுக் கத்திப் பழகினேன். டின்னுக்குள்ளேயே எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பெட்ரோல் நெடியில் இருமல்தான் வந்தது. இருமல் மட்டும் நன்றாக உரக்க வருகிறது.

ஏப்ரல் 6

பக்கத்து மலையில் இருந்த கம்பெனியில் ஒரு காவல்காரனை இன்று விடியலில் கத்தியால் குத்திவிட்டார்கள். பனியில் வந்திருக்கிறார்கள். நம் ஆள் என்று நினைத்துச் சும்மா இருந்தானாம். அந்த வழியாக உள்ளே நுழைந்து கூடாரத்தில் தூங்கியவர்களை எல்லாம் ஒருவர் விடாமல். எழுத வேண்டாம்.

கேப்டன் எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார். மூன்று முறை உரக்கக் கேள், பதில் இல்லையென்றால் சுடு, யோசிக்கிறவன் நம் எல்லாரையும் கொல்கிறான். கேட்காமல் சுட்டாலும் குற்றம், கேட்டுவிட்டுச் சுடாமல் இருந்தாலும் குற்றம். இரண்டுக்கும் கோர்ட் மார்ஷல். ஹவில்தார் அதைத் தமிழில் சொன்னபோது என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

ஏப்ரல் 8

நாளை ஈஸ்டர். அடைக்கலமும் இன்னும் மூன்று பேரும் கீழே கடைசிப் பாலத்தைத் தகர்க்கப் போயிருக்கிறார்கள். இரவு அங்கேயே பதுங்கியிருந்து, நாளை வெயில் ஏறியதும் பெரிய பாதை வழியாகத் திரும்புவார்கள். கிளம்பும்போது கையை நீட்டினான். "ஒண்ணே ஒண்ணு குடுங்க. நாளைக்கு விடிஞ்சதும் பத்த வக்கிறேன்." ஒரு பீடி கொடுத்தேன். காதில் செருகிக்கொண்டான்.

"கேக்காத காதுக்கு இதாவது ஒரு வேல" என்றான்.

எனக்கு நாளைக் காலைக் காவல். பனி இருக்கக் கூடாது. எந்தச் சாமியானாலும் சரி, பனி மட்டும் இருக்கக் கூடாது.

ஏப்ரல் 9

எழுத முடியவில்லை.

ஏப்ரல் 10

நேற்றுக் காலை கடும் மூடுபனி. என் துப்பாக்கியின் நுனி எனக்கே தெரியவில்லை. ஓடைப்பள்ளத்தில் பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. திடீரென்று நின்றுவிட்டன. பிறகு கல் உருளும் சத்தம். பிறகு ஒரு ஆள் உயரத்துக்குப் பனி கறுத்தது.

நான் மூன்று முறை உரக்கக் கேட்டேன். பதில் இல்லை. சுட்டேன்.

அதற்குப் பிறகுதான் குரல் வந்தது. மலையெல்லாம் கேட்கும் குரல். "பொஸ்தகக்காரரே! நாந்தாங்க! நாந்தாங்க!"

தொடையில் பாய்ந்திருக்கிறது. எலும்பு போய்விட்டது. உயிர் இருக்கிறது. ஹவில்தாரும் இன்னொருவனும் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் அவன் விழுந்த இடத்திலேயே நின்றேன். கல்லின் மேல் அந்தப் பீடி கிடந்தது. பற்றவைக்காத பீடி. எடுத்து வைத்திருக்கிறேன்.

கூடப் போனவர்கள் பின்னால் வந்து சொன்னார்கள். வெயிலுக்குக் காத்திராமல் விடியுமுன்பே கிளம்பியிருக்கிறார்கள். பனியில் பாதை தெரியாமல் போகவே, நில் நில் என்று பின்னால் இருந்து அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் திரும்பியே பார்க்காமல் பள்ளத்தில் இறங்கி நேராக முகாமைப் பார்த்து நடந்துவிட்டானாம்.

உரக்கத்தான் கேட்டேன்.

ஏப்ரல் 11

ஈரமான போர்வைகளை உலர்த்தினேன். ரொட்டியில் புழு. காகிதங்களை வரிசைப்படுத்தினேன், மறுபடியும் கலைத்து வரிசைப்படுத்தினேன். சிகிச்சைக் கூடாரம் எதிரேதான் இருக்கிறது. போகவில்லை. விசாரணை முடியும் வரை போகக் கூடாது என்று உத்தரவு இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

டீ வாங்கும் இடத்தில் ஹவில்தார் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திப் பேசினார். அவர் குரலைத் தாழ்த்தி நான் பார்த்ததில்லை.

"லைப்ரரி, நா பக்கத்துக் குழியிலதான் இருந்தேன். முழிச்சிகினுதான் இருந்தேன். குண்டுச் சத்தந்தான் கேட்டுது."

"உரக்கத்தான் கேட்டேன் ஹவில்தார். மூன்று முறை."

"இன்னா சொன்ன?"

மறுபடியும் சொன்னேன். அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 12

நாளை விசாரணை. கேட்காமல் சுட்டேன் என்று ஆகிவிட்டால் எத்தனை வருடம் சிறை என்று தெரியவில்லை. எங்கள் ஆபீஸில் இருக்கும் சட்டப் புத்தகத்தில் பார்க்கலாம். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு புத்தகத்தைத் திறக்கப் பயப்படுகிறேன்.

அவனுக்குக் காது கேட்காது என்று தெரிந்தாலும் ஆபத்து. டாக்டர் சோதித்தபோது எதிரே நின்றது யார் என்று யாராவது யோசிப்பார்கள்.

அவன் ஒரு வார்த்தை சொன்னால் நான் போயிற்று. எந்த வார்த்தையைச் சொன்னாலும்.

அகிலாண்டத்துக்குக் கடிதம் எழுதினேன். இங்கே நல்ல குளிர், சளி இல்லை என்று எழுதினேன்.

ஏப்ரல் 13

சித்திரை பிறக்கிறது. பாயசம் என்று ஒன்று கொடுத்தார்கள்.

விசாரணை சிகிச்சைக் கூடாரத்தில், அவன் கட்டிலிலேயே நடந்தது. குற்றம் சாட்டப்படுகிறவன் தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல் நிற்க வேண்டுமாம். பெல்ட் இல்லாமல் என் கால்சட்டை நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

அடைக்கலத்தின் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். மல்லாக்கப் படுத்திருந்தான். முகம் பாதியாகிவிட்டது. தலையைத் திருப்ப முடியவில்லை. கேப்டன் தலைமாட்டில் உட்கார்ந்தார். வழக்கமாக மொழிபெயர்ப்பது நான்தான். நான் குற்றவாளி என்பதால் இன்று ஹவில்தார். அவரும் தலைமாட்டில், கேப்டனுக்குப் பின்னால் நின்றுகொண்டார். கட்டிலில் படுத்திருந்தவனுக்குத் தெரிந்த முகம் என்னுடையது மட்டும்தான்.

கேப்டன் கேட்டார். ஹவில்தார் தமிழில் சொன்னார்: "காவல்காரன் ஹுக்கும்தார் கேட்டது ஒங் காதுல வுழுந்துதா?"

அடைக்கலத்துக்கு ஏதோ கேட்கப்பட்டது என்று மட்டும் தெரிந்தது. என் வாயைப் பார்த்தான்.

சத்தமில்லாமல் உதட்டை அசைத்தேன். கேள்வியைத்தான் சொன்னேன். கேள்வியை மட்டும்தான் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

என் உதடு நின்ற பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கூடாரத்துக்கு வெளியே கோவேறு கழுதை ஒன்று கனைத்தது. கால்சட்டையைப் பிடித்திருந்த என் கை வேர்த்து வழுக்கியது.

"கேட்டுச்சுங்க சார்" என்றான் அடைக்கலம், தன் பெரிய குரலில். "மூணு தடவ கேட்டுச்சு. நல்லாத்தான் கேட்டாரு. நாந்தான் பதில் சொல்லல. பீடி பத்த வச்சுக்கிட்டு இருந்தேன். நம்ம ஆளுதானேன்னு இருந்துட்டேன்."

ஹவில்தார் உடனே மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பற்றவைக்காத அந்தப் பீடி என் மேல்பாக்கெட்டில் இருந்தது. பிறகு அவர் மொழிபெயர்த்தார்.

அடைக்கலத்தின் பெயருக்கு நேரே, காவல் கேள்விக்கு அலட்சியத்தால் பதில் தராதவன் என்று கேப்டன் எழுதினார். காயம் பட்டிருப்பதால் அதற்கு மேல் தண்டனை இல்லை. என்னிடம் என் பெல்ட்டைக் கொடுத்தார். கை கொடுத்தார். பயப்படாமல் கடமையைச் செய்தாய் என்றார். அந்தச் சொல்லைத்தான் சொன்னார், பயப்படாமல் என்று.

ஹவில்தாரை அவர் எதுவும் கேட்கவில்லை. ஹவில்தாரும் எதுவும் சொல்லவில்லை.

நிம்மதியாக இருக்க வேண்டும். பாயசம் இரண்டு டம்ளர் குடித்தேன். வாந்தி எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 15

காயம்பட்டவர்களை விமானத்தில் அனுப்புகிறார்கள். காலையில் ஜீப் வந்தது. ஸ்ட்ரெச்சரைப் பின்னால் குறுக்கே வைத்துக் கட்டினார்கள்.

பீடிக் கட்டை எடுத்துக்கொண்டு போனேன். கல்லில் கிடந்த பீடியையும் அதோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். நான் வருவதை அவன் பார்த்தான். நிச்சயமாகப் பார்த்தான். நான் ஜீப்புக்குப் பக்கத்தில் போனபோது கண்ணை மூடியிருந்தான்.

மருந்து மயக்கம். தூங்கியிருப்பான். காயம்பட்டவர்கள் அப்படித்தான் திடீரென்று தூங்கிவிடுவார்கள் என்று சொல்கிறார்கள். நெஞ்சின் மேல் ஜெபமாலை இருந்தது. கட்டைவிரல் ஒவ்வொரு மணியாக நகர்ந்துகொண்டிருந்தது.

பீடியை அவன் கைக்குக் கீழே செருகினேன். பேச வேண்டும் என்று இருந்தது. என்ன பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும். உதட்டை அசைத்தேன். மூடிய கண்ணுக்கு முன்னால் உதட்டை அசைத்துக்கொண்டே நின்றேன். பார்த்தவர்கள் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டான். ஜீப் நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன்.

"அடைக்கலம்!"

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். கோவேறு கழுதைகள் கட்டை அறுத்துக்கொள்ளப் பார்த்தன. குழிகளில் இருந்தவர்கள் துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள். கேப்டன் சவரம் செய்துகொண்டிருந்த முகத்தோடு வெளியே வந்தார். எதிர்மலை அவன் பெயரைத் திருப்பிச் சொன்னது.

ஜெபமாலையில் கட்டைவிரல் ஒரு மணியில் நின்றது. அங்கேயே சிறிது நேரம் இருந்தது. பிறகு அடுத்த மணிக்குப் போயிற்று. கண் திறக்கவில்லை. ஜீப் வளைவில் திரும்பிவிட்டது.

ஹவில்தார் மாசிலாமணி என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "இதத்தான்யா அன்னிக்குக் கேக்கணும்னு காத்துகினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொண்டை வலிக்கிறது. உப்புப் போட்டு வெந்நீர் கொப்பளித்தேன்.

ஏப்ரல் 17

காலைக் காவல். மூடுபனி. ஓடைப்பள்ளத்தில் பறவைகள் கடைசி வரை கத்திக்கொண்டே இருந்தன. யாரும் வரவில்லை.

இருந்தும் மூன்று முறை கத்தினேன்.